அஜைல் பணிச்சூழலில் புத்தாக்கத்திற்கான ஒதுக்கீட்டு நேரம்: வெண்ணந்தூர்க் கூலி நெசவோடு ஒப்பிட்டு ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் குழுக்களுக்குப் புத்தாக்கத்திற்கெனத் தனி நேரம் ஒதுக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் காணப்படுகிறது. அந்நேரம் பணிச் சுழற்சியில் எங்கு வைக்கப்படுகிறது, அதன் செலவை யார் ஏற்கின்றனர் என்னும் இரு வினாக்களே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரின் கூலி நெசவு இதற்கு ஒப்புமையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அஜைல், ஸ்பிரிண்ட், புத்தாக்க நேரம், கூலி நெசவு, வெண்ணந்தூர்.

முன்னுரை

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் அஜைல் அறிக்கையை உருவாக்கினர். அதன் 12 கொள்கைகள் இடையறாத வழங்கலையும், சீரான வேகத்தையும், குழு தன்னைத்தானே மீளாய்வு செய்துகொள்வதையும் வலியுறுத்துகின்றன. புதியதொன்றை முயன்று பார்ப்பதற்கெனத் தனி நேரம் வேண்டும் என அவற்றுள் எதுவும் கூறவில்லை. இம்முறைகளுள் பெரிதும் வழங்கும் ஸ்கிரமில், ஒரு மாதத்திற்கு மிகாத ஸ்பிரிண்ட் ஒவ்வொன்றும் முந்தையது முடிந்ததும் தொடங்கிவிடுகிறது. பணிப்பட்டியலில் இடம்பெறாத எண்ணத்திற்கு இச்சுழற்சியில் இடமில்லாமற் போகிறது.

1. ஒதுக்கீட்டின் வகைகள்

இதற்குக் காணப்பட்ட தீர்வுகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது, விழுக்காட்டு முறை. 3எம் நிறுவனம் தன் தொழில்நுட்பப் பணியாளர்க்கு 15 விழுக்காட்டு நேரத்தை அனுமதித்தது. அங்கு 1968இல் ஸ்பென்சர் சில்வர் கண்ட வலுக்குறைந்த பசைக்கு 1974இல் ஆர்ட் ஃபிரை பயன் கண்டார். போஸ்ட்-இட் தாள் 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. கூகுள் நிறுவனர்கள் 2004இல் பங்கு வெளியீட்டின்போது எழுதிய மடலில் 20 விழுக்காட்டு நேரத்தைக் குறிப்பிட்டு, அதன் விளைவுகளுள் ஒன்றாகக் கூகுள் நியூஸைச் சுட்டினர். அதனை உருவாக்கியவர் சென்னை ஐஐடியில் பயின்ற கிருஷ்ண பரத்.

இரண்டாவது, குறித்த நாள் முறை. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் 2005இல் தொடங்கிய 24 மணிநேர முயற்சி பின்னர் ‘ஷிப்இட்’ எனப் பெயர் பெற்றது. மூன்றாவது, சுழற்சி இறுதி முறை. பெருங்குழுக்களுக்கான சேஃப் சட்டகம், 8 முதல் 12 வாரத் திட்டக்காலத்தின் முடிவில் புத்தாக்கத்திற்கும் திட்டமிடலுக்கும் ஒரு சுற்றை வைக்கிறது.

2. தளர்வும் ஒதுக்கீடும்

இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதால் குழப்பம் விளைகிறது. வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், பணிச்சுமை 80 விழுக்காடாக இருக்கும்போது ஒரு வேலையின் சராசரிக் காத்திருப்பு, அதனைச் செய்து முடிக்க ஆகும் சராசரி நேரத்தைப் போல் 4 மடங்கு; 90 விழுக்காட்டில் 9 மடங்கு; 95 விழுக்காட்டில் 19 மடங்கு. ஆகவே குழுவின் நேரம் முழுவதையும் நிரப்புவது வேகத்தைக் கூட்டுவதில்லை. எதிர்பாராப் பணிகளைத் தாங்குவதற்கான இவ்வெற்றிடமே தளர்வு.

தளர்வு, அவசரம் நேர்ந்தால் விட்டுக்கொடுக்கப்பட வேண்டியது. புத்தாக்க நேரமோ விட்டுக்கொடுக்கப்படாதிருந்தால்தான் பயன் தரும். ஒரே 20 விழுக்காட்டை இரண்டிற்கும் கணக்கிட்டால், முதல் அவசரத்திலேயே புத்தாக்கம் மறைந்துவிடும். எனவே தளர்வை ஸ்பிரிண்டுக்குள்ளும், ஒதுக்கீட்டைச் சுற்றுகளின் எல்லையிலும் வைப்பது பொருந்தும். இரு வாரச் சுற்றுகள் ஆறில் ஒன்றை ஒதுக்கினால் 60 வேலை நாள்களில் 10 நாள்கள் கிடைக்கும். ஸ்பிரிண்டுதோறும் சிதறிய ஓரிரு மணிநேரங்களைவிடத் தொடர்ச்சியான இந்நாள்களில் ஒரு முன்மாதிரியை முடிக்க இயலும்.

3. பாவின் எல்லை

நெசவை முதன்மைத் தொழில்களுள் ஒன்றாகக் கொண்ட வெண்ணந்தூரில் இந்நிலை வேறு வடிவில் விளங்கும். ஒரு பாவு முடிந்ததும், அடுத்ததும் அதே அமைப்பினதாயின், பழைய இழைமுனைகளோடு புதிய இழைகளைப் பிணைத்து நெசவைத் தொடரலாம். அமைப்பு மாறினால் விழுதிலும் அச்சிலும் இழைகளை மீண்டும் கோக்க வேண்டும். ஆகவே பெருமாற்றத்திற்கு உகந்த வேளை பாவின் எல்லையே; நடுவில் அறுத்து மாற்றினால் இழப்பு மிகும்.

அவ்வெல்லையிலும் கூலி நெசவாளர் புது வடிவமைப்பை எளிதில் முயல்வதில்லை. நெய்த அளவிற்கே கூலி என்னும் ஏற்பாட்டில், தறி நிற்கும் நேரத்தின் இழப்பு நெசவாளரைச் சார்கிறது. வடிவமைப்பு வெற்றி பெற்றால் வரும் ஆதாயத்தின் பெரும்பகுதி நூல் கொடுத்துத் துணி பெறுபவரைச் சேர்கிறது. இங்குக் குறைவது ஆர்வமன்று. செலவும் ஆதாயமும் வெவ்வேறு கைகளில் இருப்பதே தடை.

4. சேவை நிறுவனங்களின் நிலை

வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் கட்டணம் பெறும் மென்பொருள் சேவை நிறுவனங்கள் இக்கூலி ஏற்பாட்டை ஒத்தவை. புத்தாக்க நேரம் கட்டணமற்ற நேரமாகிறது. விளையும் கருவியின் உரிமையும் ஒப்பந்தத்தைப் பொறுத்து வாடிக்கையாளரிடம் செல்லக்கூடும். 1996இல் அட்வென்ட்நெட்டாகத் தொடங்கிய சோகோ, 2010இல் சென்னையில் தோன்றிய ஃபிரெஷ்வொர்க்ஸ் போன்ற சொந்தப் பொருள் நிறுவனங்களில் செலவும் ஆதாயமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. 20 விழுக்காட்டு முறையைச் சேவை நிறுவனம் அப்படியே பின்பற்ற முற்படின், அச்சுமை பணியாளரின் இரவுகள் மீதும் விடுமுறைகள் மீதும் விழும். அதனை ஒதுக்கீடு எனல் பொருந்தாது.

முடிவுரை

புத்தாக்க நேரம் பயன்பட மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை: அது தளர்விலிருந்து வேறாகக் கணக்கிடப்பட வேண்டும், சுற்றின் எல்லையில் தொடர்ச்சியான நாள்களாக அமைய வேண்டும், அதன் செலவு ஊதியத்திலும் ஒப்பந்தத்திலும் வெளிப்படையாக ஏற்கப்பட வேண்டும். வெண்ணந்தூர், இராசிபுரம் போன்ற நெசவூர்களின் பிள்ளைகள் மென்பொருள் பணிக்குச் செல்லும் இக்காலத்தில், இரு தொழில்களின் நேர ஒழுங்கையும் கூலி ஒழுங்கையும் கள ஆய்வு வழி ஒப்பிடுவது மேலாய்வுக்கு உரிய களமாகும்.