பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் சீட் உறுதியா?

“பள்ளி, கல்லூரி, பேருந்து நிலையம் மிக அருகில்!” - மனை விற்பனை விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் வரி இது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் போன்ற கடலோர ஊர்களில், மீன்பிடித் தொழில், உப்பளம், வெளிநாட்டு வேலை என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு வீடு வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு இந்த வரி பெரிய தூண்டில். “புள்ளைங்க படிப்புக்காகத்தான் வாங்குறோம். பக்கத்துல இருந்தா சீட் கெடைச்சிரும்ல?” என்பதுதான் பல பெற்றோரின் கேள்வி. கிடைக்குமா? சட்டம் என்ன சொல்கிறது?

அரசுப் பள்ளியில் சேர வீட்டு முகவரி முக்கியமா?

அமெரிக்காவின் பல நகரங்களில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்கு உள்ளே வீடு இருந்தால்தான் அந்தப் பள்ளி. தமிழ்நாட்டில் ‘இந்தத் தெருவுக்கு இந்தப் பள்ளி’ என்று வீடுகளைப் பிரிக்கும் கோடு கிடையாது.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 1 முதல் 5-ம் வகுப்பு வரை 1 கி.மீ., 6 முதல் 8 வரை 3 கி.மீ. தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே தூரம் அரசுக்கான கடமை. பெற்றோருக்கான வேலி அல்ல. ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் உரிமையையும் இதே சட்டம் தருகிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. ஆனால், 8-ம் வகுப்போடு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடும்.

தனியார் பள்ளியில் 1 கி.மீ. கணக்கு என்ன?

தூரம் நிஜமாகவே கணக்கில் வரும் இடம் இதுதான். தனியார் சுயநிதிப் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25% இடங்கள், ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்குள் உள்ள நலிவுற்ற குடும்பங்களுக்கும் பின்தங்கிய பிரிவினருக்கும் ஒதுக்கப்படுகின்றன. பள்ளியிலிருந்து 1 கி.மீ.க்குள் வசிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கேட்கப்படுவது இருப்பிடச் சான்று. வீட்டுப் பத்திரம் அல்ல. வாடகை வீட்டில் இருப்பவருக்கும் அதே தகுதிதான். இரண்டாவது, வீடு வாங்கும் வசதியுள்ள பல குடும்பங்கள் வருமான வரம்பைத் தாண்டியிருக்கும். மூன்றாவது, சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மைப் பள்ளிகள் நிறைய உள்ள கடலோரத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் மனை பார்ப்பது ஆபத்து.

சிங்கப்பூரில் எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பலர் வேலைக்குச் செல்லும் சிங்கப்பூரில், தொடக்கநிலை ஒன்றில் சேர வீட்டுத் தூரம் முன்னுரிமை தருகிறது. பள்ளியில் இடங்களைவிட விண்ணப்பம் கூடினால் 1 கி.மீ.க்குள் உள்ளவர்கள், 1 முதல் 2 கி.மீ. வரை உள்ளவர்கள், அதற்கு அப்பால் உள்ளவர்கள் என்ற வரிசை. குடிமக்களுக்குப் பிறகுதான் நிரந்தரவாசிகள். 1 கி.மீ.க்குள் இருப்பவர்களே அதிகமாகிவிட்டால் அங்கும் குலுக்கல்தான். தூரத்தைக் காட்டி இடம் பெற்றவர்கள் அதே முகவரியில் குறைந்தது 30 மாதங்கள் வசிக்க வேண்டும்.

ஆக, வீடு வரிசையில் முன்னால் நிற்க வைக்கும். இடத்துக்கு உத்தரவாதம் தராது.

பள்ளிக்காக வீட்டு விலை ஏறுமா?

ஏறும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தேர்வு மதிப்பெண் 5% கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் 2.5% கூடுதல் விலை தருகிறார்கள் என்பது அதன் முடிவு. எல்லைக்கோடே இல்லாத தமிழ்நாட்டில் ‘பள்ளி அருகில்’ என்பதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர், நடக்கும் தூரத்தை வாங்குகிறார், சீட்டை அல்ல.

விலையோடு செலவு நிற்பதில்லை. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ரூ.20 லட்சம் மதிப்புள்ள வீடு என்றால் ரூ.1.80 லட்சம். பிள்ளை படித்து முடித்ததும் வீட்டை விற்றாலும் அந்தப் பணம் திரும்பாது.

விட்டுவந்த ஊர்ப் பள்ளிக்கு என்ன ஆகும்?

பலரும் யோசிக்காத கேள்வி இது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ம் தேதி நிலவரப்படி உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை 2 ஆசிரியர்கள்; 61 முதல் 90 பேர் வரை 3 ஆசிரியர்கள். 61 பேர் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை டவுனுக்குப் போனாலும், சட்டக் கணக்கில் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார். மிச்சமுள்ள 2 பேர் 5 வகுப்புகளையும் பார்க்க வேண்டும். “அங்கே வாத்தியாரே இல்லப்பா” என்று அடுத்த குடும்பமும் கிளம்பும். டவுன் பள்ளியில் ஒரே பெஞ்சில் இன்னொரு பிள்ளை நெருக்கி உட்காரும். ஒரு பக்கம் நெரிசல், இன்னொரு பக்கம் காலி வகுப்பறை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வீடு பார்க்கும் முன் பள்ளிக்கு நேரில் போய் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை எப்படி என்று கேட்கலாம். 6 முதல் 8-ம் வகுப்பு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்ட அளவு. போயே தீர வேண்டும் என்றால், முதல் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீட்டுக்குப் பார்ப்பது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தாரா என்பதைத்தான். அந்தப் பள்ளி கிராமத்திலா நகரத்திலா என்பதை அல்ல.

ஊரிலேயே இருப்பவர்கள் கையிலும் ஒரு கருவி இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். ஆசிரியர் காலியிடம், கட்டடம், குடிநீர் என எதற்கும் இந்தக் குழு தீர்மானம் போட்டு அதிகாரிகளுக்கு அனுப்பலாம். வீடு வாங்க ரூ.20 லட்சம் புரட்டும் பெற்றோர், அதற்கு முன் மாதம் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குப் பத்திரச் செலவு இல்லை.