கேக்கின் விலையில் உங்கள் கூலி எங்கே?

பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு ஏற்ற சுயதொழில்களில் கேக் தயாரிப்பும் ஒன்று. பிள்ளைகளையும் வயோதிபப் பெற்றோரையும் விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்கள் வீட்டிலிருந்தே இதைச் செய்யலாம். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமணம், நத்தார் என்று கேக்குக்குத் தேவை எப்போதும் உண்டு. ஆயினும் ஓடர்கள் நிறைய இருந்தும் கையில் காசு தங்காத சகோதரிகள் பலரை எனது களப்பணியில் சந்திக்கிறேன்.

கிளிநொச்சியில் ஒரு சகோதரி, 2009ஆம் ஆண்டு யுத்தத்தில் கணவரை இழந்தவர். ஒரு கிலோ ஐசிங் கேக்கை 1,600 ரூபாவுக்கு விற்றார். "மா, சீனி, மாஜரீன், முட்டை எல்லாம் 1,200 ரூபா முடியும். மிச்சம் 400 லாபம்தானே மிஸ்" என்றார். கொப்பியை எடுத்து இருவரும் கணக்குப் பார்த்தோம். எரிவாயு, பெட்டி, பஸ் செலவு 200 ரூபா. மீதி 200 ரூபாவுக்கு அவர் உழைத்தது நான்கு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு வெறும் 50 ரூபா!

"தெரிஞ்ச சனத்திட்ட எப்படி மிஸ் கூலி கேக்கிறது?" என்றார். வேர் இங்கேதான் இருக்கிறது. மேசனுக்கு நாட்கூலி கொடுக்கும் நமது சமூகம், அடுப்படியில் பெண் செய்யும் வேலையை வேலையாகவே கணக்கெடுப்பதில்லை. நாமும் அதற்குப் பழகிவிட்டோம்.

மணித்தியாலத்துக்கு 250 ரூபா கூலி சேர்த்தால் அந்தக் கேக்கின் விலை 2,400 ரூபா. அவர் அந்த விலைக்கு மாறியபோது சில ஓடர்கள் குறைந்தன. ஆனால் இப்போது மாத முடிவில் சீட்டுக் காசைக் கடன் வாங்காமல் கட்டுகிறார்.

சகோதரிகளே, இவற்றைக் கவனத்திற் கொள்ளுங்கள்:

* பொருட்களைத் தராசில் நிறுத்தே எடுங்கள். கைக்கணக்கில் மாஜரீன் கூடினால் லாபம் குறையும்.
* ஓடர் எடுக்கும்போதே பாதிப் பணத்தை முற்பணமாக வாங்குங்கள்.
* மாதந்தோறும் விலையை மீளக் கணக்கிடுங்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவும் எரிவாயுவும் விலையேறியபோது, பழைய விலைக்கே விற்றவர்கள் முதலையும் இழந்தார்கள்.
* தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற முயலுங்கள். அனுபவத்தால் கற்ற திறமையையும் மதிப்பிட்டு இச்சான்றிதழை வழங்கும் வழி உண்டு. வெதுப்பகங்களிலோ ஹோட்டல்களிலோ வேலை தேடும்போது அது கைகொடுக்கும்.

அடுத்த ஓடருக்கு விலை சொல்லுமுன் கொப்பியில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: "எனது கூலி".