கை தாழ்ந்தால் வெற்றி

சில ஆண்டுகளுக்கு முன், தேர்தல் செய்தியொன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தது. வேட்பாளர் ஒருவர் ‘ஹாண்ட்ஸ் டவுன்’ வென்றார் என்பது ஆங்கில வாசகம். அவசரத்தில், “கை தாழ்ந்திருந்தும் வென்றார்” என்று எழுதிவிட்டேன். எளிதாக வென்ற மனிதர், தோற்கும் நிலையிலிருந்து தப்பிப் பிழைத்தவராகிவிட்டார்! மூத்த நண்பர் ஒருவர் கவனித்துத் திருத்தியிராவிடில் தவறு அப்படியே வெளிவந்திருக்கும்.

நேயர்களே, தமிழில் வெல்பவன் கை ஓங்கும். தோற்பவன் கை தாழும். ஆங்கிலத்திலோ கையைத் தாழ்த்துபவனே வென்றவன். இந்த முரண்பாட்டிற்குக் காரணம் குதிரைப் பந்தயம். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் திடலிலிருந்து பொதுவழக்கிற்கு வந்த தொடர் இது. போட்டி கடுமையாக இருக்கும்வரை சவாரி செய்பவர் கடிவாள வாரை இறுகப் பற்றி, கைகளை ஓயாது இயக்கிக் குதிரையை முடுக்குவார். வேறெந்தக் குதிரையும் இனி எட்டாது என்று தெரிந்ததும் கைகளைத் தாழ்த்தி வாரைத் தளர விடுவார். குதிரை தன் போக்கிலேயே எல்லைக் கம்பத்தைக் கடந்துவிடும்.

1981ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் ஷெர்கார் என்ற குதிரை பத்துக் குதிரை நீளம் முந்தி வென்றது. அதன்மீது இருந்த வால்ட்டர் ஸ்வின்பர்னுக்கு அப்போது வயது 19. கடைசித் தொலைவில் அவர் குதிரையை விரட்டவேயில்லை. வேகத்தைத் தணித்தே கொண்டு சென்றார். இத்தகைய வெற்றிக்கே இத்தொடர் பொருந்தும். ஒரே ஓட்டத்தில் வென்ற கிரிக்கெட் ஆட்டத்திற்கு இதைச் சொன்னால் ஆங்கிலேயர் நகைப்பர். எதிரியே வராமல் கிட்டும் வெற்றிக்கும் இது ஆகாது. அதற்கு ‘வாக் ஓவர்’ என்ற வேறு தொடர் உண்டு. அதுவும் பந்தயத் திடலின் குழந்தையே. தனிக் குதிரையானாலும் பரிசு பெறத் திடலில் நடந்து வந்தாக வேண்டுமாம்!

இக்காலத்தில் பந்தயமே இல்லாத இடத்திலும் இத்தொடர் வழங்குகிறது. ‘இதுவே ஹாண்ட்ஸ் டவுன் சிறந்த உணவகம்’ என்றால், ‘சந்தேகத்திற்கு இடமின்றி’ என்று பொருள். வெற்றியைக் குறிக்குமிடத்தில் ‘அனாயாசமாக வென்றார்’ என்பது என் மொழிபெயர்ப்பு. பேச்சு வழக்கில் ‘ஊதித் தள்ளிவிட்டார்’ என்பது இன்னும் பொருத்தம். அலுவலகக் கோப்பில்தான் அதை எழுத இயலாது.

ஒன்று கூற வேண்டும். பிரிட்டனில், சவாரி செய்பவர் கம்பத்தை எட்டுமுன் கையைத் தாழ்த்தி, அதனால் பந்தயத்தை இழந்தால், அது தண்டனைக்குரிய குற்றம். அக்குற்றத்தின் பெயரும் ‘கைகளைத் தாழ்த்துதல்’ என்பதே. ஆகவே அங்கே தோல்விச் செய்தியிலும் தாழ்ந்த கை வரலாம். மொழிபெயர்ப்பவர் வாக்கியத்தை முழுவதும் படித்துவிட்டே பேனாவை எடுக்க வேண்டியிருக்கிறது.