அடுப்படிக்கு எந்தச் சட்டை?

ஓட்டலுக்குச் சீருடை எடுக்கும்போது முதலாளி பார்ப்பது நிறம், அடுத்தது விலை. மேசைக்குப் பரிமாறும் சப்ளையருக்கு அது போதும். எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நாள் முழுக்க நிற்கும் வடை மாஸ்டருக்குப் போதாது.

பருத்தியா, பாலியஸ்டரா?

சாயம் போகாது, இஸ்திரி வேண்டாம் என்றுதான் பாலியஸ்டர் வாங்குகிறார்கள். அந்த இழை சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தீப்பிடித்தால் உருகியது தோலோடு ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும். பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. வியர்வையையும் உறிஞ்சும். காற்றுப் புகாத ஈரத்துணிக்குள் வேர்க்குருவும் படர்தாமரையும் வருவது அடுப்படியில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

பெரிய ஓட்டல் செஃப்கள் போடும் இரட்டை மார்புக் கோட்டு வெறும் பகட்டு அல்ல. முன்பக்கம் இரண்டு அடுக்குத் துணி இருப்பதால் தெறிக்கும் சூடு உடனே உள்ளே இறங்காது. கறை பட்டால் மடிப்பை மாற்றிப் பொத்தான் போட்டுக்கொள்ளலாம்.

வெக்கை தாங்காமல்தான் பலர் கைலி பனியனோடு நிற்கிறார்கள். நியாயம்தான். ஆனால் பொரிக்கிற எண்ணெயின் சூடு ஏறத்தாழ 180 டிகிரி. வெக்கையைப் புகைபோக்கியும் காற்றாடியும் போட்டுத்தான் குறைக்க வேண்டும். அது முதலாளியின் செலவு. மாஸ்டருக்கு மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டையும், முழங்கால்வரை ஏப்ரனும் வேண்டும்.

காலுக்கு

சாம்பார் அண்டா சாய்ந்தால் ரப்பர் செருப்பு எதையும் தடுக்காது. எண்ணெய்த் தரையில் வழுக்காத, மேல்பக்கம் மூடிய ஷூ வேண்டும். கயிறு இல்லாததாக இருந்தால் சட்டென்று உதறலாம்.

தோளில் கிடக்கும் துண்டு

வியர்வை, கை, தட்டு எல்லாவற்றையும் துடைப்பது அதே துண்டு. மூக்கிலும் தோலிலும் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி இப்படித்தான் சாப்பாட்டுக்குள் போகிறது. அது உண்டாக்கும் நச்சு, திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. நனைந்த துண்டால் பாத்திரம் இறக்குவது இன்னொரு ஆபத்து. ஈரத்துணி சூட்டைக் கைக்கு வேகமாகக் கடத்தும். பிடிதுணி தனியாக, காய்ந்து இருக்கட்டும்.

கொட்டிவிட்டால்

நனைந்த உடையை உடனே கழற்றுங்கள். தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். மோதிரம், கயிறு இருந்தால் வீங்குவதற்குள் எடுத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். முகம், கை, பாதம், மூட்டு இவற்றில் பட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிதாகக் கொப்பளித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.