வெள்ளிக் களிமண் நகை: கூடச் சேரும் பொருளும் வாங்குபவரின் உரிமையும்

மிக நுண்ணிய வெள்ளித் தூளைத் தண்ணீரும் தாவரப் பசையும் சேர்த்துப் பிசைந்த கலவைதான் வெள்ளிக் களிமண். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் இதை உருவாக்கியது. கையால் வனைந்து, உலர்த்தி, சூளையில் சுட்டால் பசை எரிந்துபோகும். வெள்ளித் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். வகையைப் பொறுத்து 8 முதல் 30 சதவீதம் வரை உருவம் சுருங்கும். தனியாகச் சுடும்வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. கல், கண்ணாடி, செம்பு, ரெசின் என்று வேறொன்று சேரும்போதுதான் ஆபத்தும் வருகிறது, ஏமாற்றும் வருகிறது.

வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில். செம்பு உருகுவது 1085 டிகிரியில். இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் கணக்கு மாறிவிடும். சேருமிடத்தில் 779 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். தூய வெள்ளிக் களிமண்ணை 800 டிகிரிக்கு மேல் சுட்டுப் பழகியவர், செம்புத் தகடு பதித்த பதக்கத்தையும் அதே சூட்டில் வைத்தால் விளிம்புகள் வழிந்து குழியாகும். செம்பு பதித்தவற்றை 650 டிகிரியை ஒட்டி, கூடுதல் நேரம் சுடுவதே முறை. அலுமினியம் இன்னும் மோசம். அலுமினியத் தாளில் சுற்றி வைத்த களிமண்கூடக் கெட்டுப்போகும்.

பித்தளையில் இருப்பது வேறு ஆபத்து. அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை முகர்ந்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும், வாயில் உலோகச் சுவை தட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆனால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து மறுநாளும் சூளையைப் பற்றவைப்பவர்கள் உண்டு. மருத்துவரிடம் போகும்போது என்ன உலோகத்தைச் சூடாக்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும். செம்பு கலந்த 925 தரக் களிமண்ணைக் கரித்தூளில் புதைத்துச் சுடுவார்கள். அப்போது மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வெளிவரும். சன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, புகையை வெளியேற்றும் விசிறி வேண்டும். தலைவலி, குமட்டல் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும்.

கல் பதிப்பதில் எளிய விதி ஒன்று உண்டு: உயிரிலிருந்து வந்தது எதுவும் சூளைக்குள் போகக் கூடாது. முத்து, பவளம், அம்பர் ஆகியவை கருகும் அல்லது தூளாகும். டர்காயிஸ், ஓபல் போன்ற மென்மையான கற்களும் தாங்கா. இவற்றை நகை சுட்டு ஆறிய பிறகே பதிக்க வேண்டும். கியூபிக் சிர்கோனியாவும் செயற்கை மாணிக்கமும் சூட்டைத் தாங்கும். ஆனால் சுட்டதும் தண்ணீரில் போட்டுக் குளிரவைக்கும் பழக்கம் வெறும் வெள்ளிக்குத்தான் சரி. கல்லோ கண்ணாடியோ இருந்தால் வெடிக்கும். கண்ணாடியைவிட வெள்ளி அதிகம் சுருங்கும். சூளையிலேயே மெல்ல ஆறவிடாத நகை அன்றைக்கு அழகாக இருந்து, சில வாரம் கழித்து அணிந்திருக்கும்போதே விரிசல் விடலாம்.

பாலிமர் கிளேயை வெள்ளியோடு சேர்த்துச் சூளையில் வைக்கவே கூடாது. அது பி.வி.சி. பிளாஸ்டிக், கருகினால் மூச்சுக்குழலை அரிக்கும் அமிலப் புகை வரும். எபாக்ஸி ரெசின் இறுகும் முன் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும். கருமை ஏற்றப் பயன்படும் பொட்டாசியம் சல்ஃபைடை அமிலக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தால், ஒரு துளி கலந்தாலே நச்சு வாயு கிளம்பும்.

அணிபவருக்கு அரிப்பு வருவது பெரும்பாலும் வெள்ளியால் அல்ல. காதணியின் கொக்கியில் கலந்திருக்கும் நிக்கல்தான் வழக்கமான காரணம். அதனால் ‘முழுக்க வெள்ளி’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் கொக்கி எதனால் ஆனது என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எடையிலும் கவனம் தேவை. கல், ரெசின், செம்பு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து மொத்தத்துக்கும் வெள்ளி விலை போடுவது நியாயமல்ல. ரசீதில் வெள்ளியின் நிகர எடையும் தூய்மையும் தனியாக வர வேண்டும். சேதாரமும் கேள்விக்குரியதே: காய்ந்த களிமண் துண்டுகளைப் பொடித்து நனைத்தால் மறுபடி பயன்படும். உழைப்புக்குச் செய்கூலி கேட்பது சரி, சேதாரம் கேட்டால் காரணம் சொல்லட்டும்.

பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேற்பட்ட பொருளை ஹால்மார்க் (தூய்மை முத்திரை) இல்லாமல் வெள்ளி என்று விற்பது குற்றம். இந்தியாவில் 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் எச்.யு.ஐ.டி. என்னும் தனி அடையாள எண்ணுடன் ஹால்மார்க் வந்தது. ஆனால் தங்கத்தைப் போலக் கட்டாயமாக்காமல் விருப்பத்துக்கு விடப்பட்டது. எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். முத்திரையில் உள்ளதைவிடத் தூய்மை குறைந்திருந்தால், பி.ஐ.எஸ். விதிகள் 2018-இன் 49ஆம் விதிப்படி அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும். முத்திரை இல்லாத நகைக்கு ரசீதுதான் ஆதாரம். ‘ஃபேன்சி ஐட்டம்’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டால் பிறகு வாதாட வழியிருக்காது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் குறையோடு நின்றுவிடவில்லை. தேவையான எச்சரிக்கை தராததால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தாலும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. உடைந்த நகையை வேறொரு கடையில் ஒட்டவைக்காமல் அப்படியே படமெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். கெட்டுப்போன களிமண்ணை வாங்கி நஷ்டப்பட்ட கைவினைஞருக்கும் இந்த வழி உண்டு. தம் பிழைப்புக்கான சுயதொழிலுக்கு மட்டுமே வாங்கியவரைச் சட்டம் வியாபாரியாகப் பார்க்காமல் நுகர்வோராகவே ஏற்கிறது.