தாமரையிலையும் கணிப்பொறியும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்கு இருப்புப்பாதை வழியே செல்வோர், வயல்களையும் ஏரி குளங்களையும் காண்பர். மழை ஓய்ந்த காலையில், தாமரை படர்ந்த குளமொன்றின் கரையில் நின்று நோக்குவோமாயின், ஒரு புதுமை புலப்படும். நீரிலே பிறந்து நீரிலே வளரும் இலை நீரால் நனைவதில்லை. மழைத்துளி அதன்மீது முத்துப்போலத் திரண்டு உருள்கின்றது. உருளும்போது புழுதியையும் வாரிக்கொண்டு செல்கின்றது. இதற்குக் காரணம் யாது?

நுண்பெருக்கி வழியே நோக்கினால், இலைப்பரப்பு மேடும் பள்ளமுமாகத் தோன்றும். ஒவ்வொரு மேடும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவினது. அவற்றை நுண்ணிய மெழுகு போர்த்தியுள்ளது. இடையிடையே காற்று தங்கி நிற்கின்றது. ஆதலின் நீர்த்துளி மேடுகளின் நுனியை மட்டுமே தீண்டுகின்றது. செருமானியத் தாவரவியல் அறிஞர்களான பார்த்லாட், நைன்ஹுய்ஸ் ஆகிய இருவரும் 1997-ஆம் ஆண்டில் இதனை விளக்கிக் காட்டினர்.

பரப்பின் அமைப்பே அதன் பயனைத் தீர்மானிக்கின்றது என்பது இதனால் விளங்கும். ஆயின், நமக்கு வேண்டிய பரப்பை எவ்வாறு கண்டறிவது? ஒவ்வொரு பொருளையும் செய்து பார்ப்பதெனின், காலமும் பொருளும் வீணாகும். இங்கேதான் கணிப்பொறி துணைபுரிகின்றது.

ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரகுமான் என்னும் அறிஞர், அமெரிக்காவில் பணியாற்றியபோது, திரவ ஆர்கானின் 864 அணுக்களுடைய இயக்கத்தைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, 1964-இல் வெளியிட்டார். ஓர் அணுவைப் பிற அணுக்கள் ஈர்க்கும் விசையும் தள்ளும் விசையும் எவ்வளவு? அவற்றால் அடுத்த நொடிக்கூறில் அது எங்கே நகரும்? இவ்வாறு எல்லா அணுக்களுக்கும் மீண்டும் மீண்டும் கணக்கிடுவதே அம்முறை. இன்று அறிஞர்கள் இம்முறையால், நீரும் திண்பொருளும் சந்திக்கும் இடைமுகத்தைச் செய்யுமுன்னரே ஆராய்கின்றனர்.

இதனால் விளையும் நன்மை யாது? திண்டிவனத்திற்குக் கிழக்கேயுள்ள மரக்காணத்தில், கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி உப்பு விளைவிக்கின்றனர். வெயில் நீரைக் கவர்ந்து உப்பை விட்டுச் செல்கின்றது. குடிநீர் வேண்டுவோர்க்கோ, உப்பு நீங்கிய நீர் வேண்டும். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-இல் தொடங்கப்பெற்ற நிலையம், நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடையதாக அமைக்கப்பெற்றது. அத்தகைய நிலையங்களில், கடல்நீரை மிகுந்த அழுத்தத்துடன் மெல்லிய சவ்வுகளின் ஊடே செலுத்துகின்றனர். நாளடைவில் அழுக்கும் நுண்ணுயிர்களும் சவ்வில் படிந்து வழியை அடைக்கின்றன, செலவு மிகுகின்றது.

தாமரையிலை நீரை விலக்கித் தூய்மை பெறுகின்றது. சவ்வோ நீரை விலக்கலாகாது. நீரை இறுகப் பற்றி நிற்றல் வேண்டும். அவ்வாறு பற்றிய நீர்ப்படலமே அழுக்கு அணுகாதவாறு காக்கும். எம்மூலக்கூறுகளைப் பூசினால் அப்படலம் நிலைக்கும் என்பதைக் கணிப்பொறி முன்னரே காட்டுகின்றது.

எனினும், நாம் அளிக்கும் விசைக்கணக்கு பிழைபடின் விடையும் பிழைபடும். ஆகவே கணித்ததைச் சோதனைச்சாலையில் செய்து பார்த்த பின்னரே கொள்ளல் வேண்டும். மாணவர்களே! குளத்து இலையைக் கூர்ந்து நோக்கிய கண்ணும், கணக்கிட்ட அறிவும், சோதித்துத் தெளியும் கையும் ஒன்றுபடுமாயின், மக்களின் நீர்வேட்கை தணியும்.