'ப்ரோ': வயது கேட்காத விளி

பரவையில் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் எட்டாம் வகுப்பு மாணவனை 'ப்ரோ' என்கிறான். அவனும் பதிலுக்கு 'ப்ரோ' என்கிறான். மாணவிகள்கூடத் தங்களுக்குள் அப்படி அழைத்துக்கொள்கிறார்கள். 'அண்ணன் என்று கூப்பிடத் தெரியாதா?' என்று கண்டிப்பதற்கு முன், அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

'பிரதர்' என்பதன் சுருக்கம் அது. நெடுங்காலம் எழுத்தில் மட்டுமே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பேச்சில் தோழமை விளியாகப் பரவி, பிறகு எல்லோருக்கும் பொதுவானது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு ஏளனப் பொருளும் உண்டு. 'டெக் ப்ரோ' என்றால் கணினித் துறையில் இருக்கும் தற்பெருமைக்கார இளைஞன். நம் மாணவர்களின் 'ப்ரோ'வில் இந்த ஏளனம் கிடையாது. ஆங்கிலப் பத்தியில் அச்சொல் வந்தால் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தமிழில் உடன்பிறந்தவனை வயது சொல்லாமல் அழைப்பது கடினம். ஒன்று அண்ணன், இல்லையென்றால் தம்பி. 'சகோதரன்' மேடைக்குச் சரி. தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. எங்கள் ஊர் காய்கறி மார்க்கெட்டில் 'அண்ணே', 'தம்பி', 'மாப்ள', 'பங்காளி' என்று ஆளுக்கு ஆள் விளி மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாப்ள என்றால் பெண் கொடுத்து எடுக்கும் முறை. பங்காளி என்றால் ஒரே வகையறா. நண்பர்களுக்குள் இவை விளையாட்டாகவும் வழங்குபவைதான். ஆனாலும் வகுப்பில் காதுகொடுத்துக் கேளுங்கள்: ஒரு மாணவன் யாரை 'மாப்ள' என்கிறான், யாரைப் பெயர் சொல்லி மட்டும் அழைக்கிறான் என்பதில் சில நேரம் சாதி தெரிந்துவிடுகிறது. 'ப்ரோ' வயதையும் கேட்பதில்லை, வகையறாவையும் கேட்பதில்லை. அதனால் நான் அதைத் தடுப்பதில்லை.

விடுப்பு விண்ணப்பத்தில் அது வரக்கூடாது என்பது வேறு விஷயம். ஒரே செய்தியை நண்பனிடமும் பக்கத்து வீட்டு அண்ணனிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லிக் காட்டச் சொல்வேன். விளி மாறும்போது வினைமுற்றும் மாறுவதை, 'வா', 'வாங்க', 'வாருங்கள்' என்று, அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மொழிமுதல் எழுத்துகள் நடத்தும்போதும் 'ப்ரோ' கைகொடுக்கிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராதே, எப்படி எழுதுவது என்று கேட்டேன். 'புரோ' என்றாள் ஒருத்தி. 'பிரோ' என்று கரும்பலகையில் எழுதினான் இன்னொருவன். வகுப்பே அதை 'பீரோ' என்று வாசித்தது.